கால் கட்டைவிரல் கோணல்: அறுவைக்கு முன் அறிய வேண்டியவை

காலின் கட்டைவிரல் மெல்ல மெல்லப் பக்கத்து விரலின் மேல் சாய்கிறது. அதன் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கமாகப் புடைத்து நிற்கிறது. செருப்பு வார் உரசி அந்த இடம் சிவக்கிறது. மூடிய ஷூ போட்டு வேலைக்குப் போனால் மாலைக்குள் விண்விண்ணென்று தெறிக்கிறது. மருத்துவர்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்றும், பேச்சில் பலர் பன்னியன் என்றும் சொல்லும் இந்தக் கோணல், உலகில் மிகப் பரவலான பாதக் குறைகளுள் ஒன்று. 2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 18 முதல் 65 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கும், 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 36 சதவீதத்தினருக்கும் இது இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களில் 13 சதவீதம் என்றால் பெண்களில் 30 சதவீதம்.

இத்தனை பேரைப் பாதித்தும், இதற்கு என்ன செய்வது என்பதில் தெளிவு இல்லை. ‘வயசானால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரவில் மாட்டிக்கொண்டு தூங்கினால் விரல் நேராகிவிடும் என்று சொல்லி இணையத்தில் பட்டைகள் விற்கிறார்கள். ‘சின்ன ஆபரேஷன்தான், எலும்பைக் கொஞ்சம் செதுக்கினால் போதும்’ என்று யாராவது தைரியம் சொல்கிறார்கள். இந்த மூன்றில் எதை நம்பினாலும் பாதத்துக்கு நட்டம். கோணல் எப்படி உருவாகிறது, எதனால் வருகிறது, கத்தியில்லாமல் எவ்வளவு முடியும், அறுவை எப்போது தேவை, அது எதைத் தரும், எதைத் தராது என்ற கேள்விகளை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

உள்ளே நடப்பது என்ன?

பாதத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நீளமான எலும்பு வருகிறது. கட்டைவிரலுக்கான நீளெலும்பு மற்ற நான்கையும்விடத் தடித்தது. நடக்கும்போது பாதம் தரையை உந்தித் தள்ளும் கணத்தில் உடல் எடையின் பெரும்பங்கை அதுவே தாங்குகிறது. அந்த எலும்பின் முனையில் எந்தத் தசையும் நேரடியாகப் பொருந்தியிருக்கவில்லை. சுற்றியுள்ள நார்கள் இரு பக்கமும் சமமாக இழுத்துப் பிடிப்பதால்தான் அது இடத்தில் நிற்கிறது. உட்பக்க நார் தளர்ந்தால் எலும்பின் முனை உட்பக்கமாக நகரத் தொடங்கும். விரலோ எதிர்ப்பக்கமாகச் சாயும்.

இந்த நகர்வு ஓரளவைத் தாண்டியதும் தானாகவே வளர்கிறது. விரலை மடக்கவும் நீட்டவும் உதவும் தசைநாண்கள் மூட்டின் நடுக்கோட்டிலிருந்து விலகிப்போகின்றன. பிறகு தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் கோணலையே அதிகமாக்குகிறது. விரலை உட்பக்கமாக இழுத்து நேராக்க வேண்டிய தசை அடிப்பக்கம் நழுவி, தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. மூட்டுக்குக் கீழே பட்டாணி அளவில் இரண்டு சிறு எலும்புகள் உண்டு. அவை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்க, மேலே நீளெலும்பு அவற்றை விட்டு விலகிவிடுகிறது. பலருக்கு அந்த எலும்பு தன் அச்சில் திரும்பியும் விடுகிறது. விரல் நகம் மேலே பார்க்காமல் சற்றே உட்பக்கம் திரும்பியிருப்பது அதன் அடையாளம்.

வெளியே தெரியும் புடைப்பு பெரும்பாலும் புதிதாக முளைத்த எலும்பு அல்ல. இடம்மாறிய நீளெலும்பின் தலைதான் அது. அதன்மேல் தோல் தடித்து, அடியில் உள்ள நீர்ப்பை வீங்கி, புடைப்பை இன்னும் பெரிதாகக் காட்டுகிறது. இது புரிந்துவிட்டால், புடைப்பை மட்டும் செதுக்கியெடுத்தால் போதாது என்பதும் புரியும்.

கட்டைவிரல் தன் சுமையை ஒழுங்காகத் தாங்காதபோது அந்தச் சுமை இரண்டாம் விரலின் அடிக்குப் போகிறது. அங்கே காய்ப்பு விழுகிறது, வலிக்கிறது. இடநெருக்கடியால் இரண்டாம் விரல் மடங்கி மேலெழும்புகிறது, அதன் கணுவில் கால் ஆணி வருகிறது. பலரைக் கடைசியில் மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்ப்பது கட்டைவிரல் வலியைவிட இந்த இரண்டாம் விரல் தொல்லைதான்.

பரம்பரையா, காலணியா?

1958-ல் ஹாங்காங்கில் சிம்-ஃபூக், ஹாட்சன் என்ற இரு மருத்துவர்கள், ஷூ அணியும் சீனர்களின் பாதங்களையும் அணியாதவர்களின் பாதங்களையும் ஒப்பிட்டார்கள். ஷூ அணிந்தவர்களில் 33 சதவீதத்தினரிடம் ஏதோ ஓரளவில் கோணல் இருந்தது. வெறுங்காலுடன் வாழ்ந்தவர்களில் 1.9 சதவீதம்தான். ஜப்பானிலும் மரபான காலணிகளை விட்டு மேலைநாட்டு ஷூவுக்கு மாறிய பிறகே இந்தக் குறை மருத்துவமனைகளில் பெருகியதாக அந்நாட்டு எலும்பு மருத்துவர்கள் 1981-ல் எழுதினார்கள்.

எலும்புக்கூடுகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலும் அதன் அருகிலும் இடைக்காலத்தில் புதைக்கப்பட்ட 177 பேரின் எலும்புகளை ஆராய்ந்த ஒரு குழு 2021-ல் முடிவுகளை வெளியிட்டது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதத்தினருக்கு இருந்த கோணல், 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் 27 சதவீதமாக உயர்ந்திருந்தது. நுனி கூர்த்த ஷூ செல்வர்களிடையே நாகரிகமாகப் பரவிய காலம் அது. வசதியானவர்களும் துறவிகளும் புதைக்கப்பட்ட நகர மடத்தின் இடுகாட்டில் 43 சதவீதம். கிராமத்து ஏழைகளின் இடுகாட்டில் 3 சதவீதம். கோணல் இருந்தவர்களிடம் கீழே விழுந்ததால் ஏற்பட்டிருக்கக்கூடிய எலும்பு முறிவுகளும் அதிகம் காணப்பட்டன. இன்றைய முதியோரிடமும் கட்டைவிரல் கோணலுக்கும் தடுமாறி விழுவதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தோற்றக் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அப்படியானால் பழி முழுவதும் ஷூவுக்கா? அதுவும் சரியில்லை. வெறுங்காலர்களிலும் சிலருக்குக் கோணல் இருந்திருக்கிறது. ஒரே மாதிரி ஷூ அணிந்த எல்லோருக்கும் அது வருவதுமில்லை. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் 350 நோயாளிகளின் குடும்ப வரலாற்றைத் தேடியபோது, அவர்களில் 90 சதவீதத்தினரின் குடும்பத்தில் குறைந்தது ஒருவருக்காவது இதே குறை இருந்தது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்விலும் பரம்பரையின் பங்கு வலுவாகத் தெரிந்தது. மூட்டுகள் இயல்பிலேயே தளர்ந்திருப்பது, முடக்குவாதம், நரம்பு-தசை நோய்கள் ஆகியவையும் காரணமாகலாம். சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், கோணுவதற்கு இடம்கொடுக்கும் பாதத்தைப் பெற்றோர் தருகிறார்கள், இடுங்கிய காலணி அதைக் கோண வைக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. பெற்றோரை மாற்ற முடியாது, காலணியை மாற்றலாம்.

முதலில் நோயை உறுதிசெய்ய வேண்டும்

கட்டைவிரல் அடிமூட்டில் வரும் வலியெல்லாம் கோணலால் வருவதல்ல. நள்ளிரவில் திடீரென்று மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாமல் போனால், அது யூரிக் அமிலம் படிவதால் வரும் கௌட் ஆக இருக்கலாம். விரல் நேராகவே இருந்து, மேல்நோக்கி மடக்க முடியாமல் விறைத்திருந்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். இரு பாதங்களிலும் இரு கைகளிலும் பல மூட்டுகள் ஒருசேர வீங்கியிருந்தால் முடக்குவாதம் உண்டா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கான சிகிச்சை முற்றிலும் வேறு.

கோணலின் அளவைப் பார்வையாலேயே தரம்பிரிக்க, நான்கு ஒளிப்படங்களைக் கொண்ட மான்செஸ்டர் அளவுகோல் 2001-ல் உருவானது. அறுவை பற்றிய பேச்சு வந்துவிட்டால் எக்ஸ்ரே கட்டாயம். அதை நின்றபடி, பாதத்தில் எடை விழும்போது எடுக்க வேண்டும். படுத்துக்கொண்டு எடுத்த படத்தில் கோணல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மருத்துவர்கள் அதில் முக்கியமாக இரண்டு கோணங்களை அளக்கிறார்கள். கட்டைவிரலுக்கும் அதன் நீளெலும்புக்கும் இடையிலான கோணம் 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு. முதல் இரண்டு நீளெலும்புகளுக்கு இடையிலானது 9 பாகைக்குள் இருக்க வேண்டும். முதற்கோணம் 40 பாகையைத் தாண்டினால் கடுமையான கோணல். மூட்டு தேய்ந்திருக்கிறதா, சிறு எலும்புகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதையும் அதே படத்தில் பார்க்கிறார்கள். எந்த அறுவை என்பதைத் தீர்மானிப்பவை இந்த விவரங்களே.

கத்தியில்லாமல் எவ்வளவு முடியும்?

எல்லாச் சிகிச்சையும் காலணியில் தொடங்குகிறது. நுனி அகலமாகவும் மேற்பகுதி மென்மையாகவும் இருக்க வேண்டும். புடைப்பின்மேல் தையலோ வாரோ வரக்கூடாது. குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். குதிகால் உயர உயர உடல் எடை விரல்களின் பக்கம் சரிந்து, அவற்றை ஷூவின் குறுகிய முனைக்குள் நெருக்கும். வாங்கும்போது செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். வாங்கப்போகும் ஷூவை அதன்மேல் வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால் அது உங்கள் காலுக்கான ஷூ அல்ல. பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நின்றபடி, இரு கால்களிலும் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

இங்கே நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாம் இன்றுவரை பிரிட்டன் கால் அளவு முறையைப் பின்பற்றித்தான் ஷூ வாங்குகிறோம். சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானது என்பது அதில் தெரியவந்தது. அகலம் போதாத ஷூவில் காலை நுழைக்க, நீளம் கூடுதலான ஷூவை வாங்கிச் சமாளிக்கிறோம். அல்லது இடுக்கியபடியே நடக்கிறோம். இந்த ஆய்வின் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கான கால் அளவு முறை ஒன்று பரிந்துரைக்கப்பட்டிருப்பதாக 2024-ல் செய்திகள் வந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கு ஷூ தைத்துத் தருகின்றன. நம் பாதத்தின் அகலத்துக்கு ஏற்ற ஷூ நம் கடைகளிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். சின்னதாகிப்போன கறுப்பு ஷூவையே ஆண்டு முடியும்வரை போட்டு ஒப்பேற்றும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும்.

அடுத்தது துணைக்கருவிகள். புடைப்பின்மேல் வைக்கும் மெத்து உரசலைக் குறைக்கும். முதல் இரண்டு விரல்களுக்கு நடுவே வைக்கும் சிலிகான் துண்டும், பாதத்துக்கு ஏற்றபடி செய்த உள்ளடியும் பலருக்கு வலியைத் தணிக்கும். ஆனால் இவற்றில் எதுவும் வளர்ந்தவர்களின் கோணலை நிலையாக நிமிர்த்திவிடும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இரவில் கட்டும் பட்டைக்கும் இதே தீர்ப்புதான். கட்டியிருக்கும்வரை விரல் நேராகத் தெரியும். அவிழ்த்துவிட்டு எழுந்து நடந்தால் பழைய இடத்துக்குப் போய்விடும். பாதத்தின் சிறு தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகள், குறிப்பாக விரல்களை விரித்துப் பழகுவது, தொடக்கநிலைக் கோணலுக்கு உதவலாம். தீங்கில்லாதவை, செலவுமில்லை. முற்றிய கோணலை அவை திருத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வலி கூடும் நாட்களில் ஐஸ் ஒத்தடமும் மருத்துவர் சொல்லும் வலிநிவாரணியும் போதும்.

நாளெல்லாம் நிற்கும் வேலையும் வலியைக் கூட்டுகிறது. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. பாத நோயுள்ள தொழிலாளிக்கு அந்த இருக்கையும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பின்லாந்தில் 209 நோயாளிகளை வைத்து நடந்து, 2001-ல் வெளியான ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்கு உள்ளடி, ஒரு பிரிவுக்கு ஓராண்டுக் காத்திருப்பு. ஆறு மாதத்தில் உள்ளடி அணிந்தவர்களுக்கும் வலி குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களே மற்ற இரு பிரிவினரையும்விட நல்ல நிலையில் இருந்தார்கள். உள்ளடி தந்த ஆறுதல் நீடிக்கவில்லை. கத்தியில்லாச் சிகிச்சையின் வீச்சு எவ்வளவு, எல்லை எது என்பதை இந்த ஒரே ஆய்வு நன்றாகக் காட்டிவிடுகிறது.

யாருக்கு அறுவை?

அளவான காலணி அணிந்து, சில மாதங்கள் மற்ற வழிகளையும் முயன்ற பிறகும் அன்றாட நடையையும் வேலையையும் வலி கெடுக்கிறதென்றால், அறுவையைப் பற்றிப் பேசலாம். கோணல் வேகமாக வளர்ந்து இரண்டாம் விரலை இடம்பெயர்த்தாலும், புடைப்பின்மேல் அடிக்கடி புண் வந்தாலும் பேசலாம். காரணம் வலியாகவும் நடைச் சிரமமாகவும் இருக்க வேண்டும்.

கூர்முனை ஷூ போட்டுக்கொள்ள ஆசை, கல்யாணப் படத்தில் கால் அழகாகத் தெரிய வேண்டும், பின்னாளில் மோசமாகிவிடுமோ என்ற பயம் – இவை அறுவைக்குப் போதுமான காரணங்கள் அல்ல. வலியில்லாத பாதத்தில் கத்தி வைத்தால் புதிதாக வலி வந்துசேர இடமுண்டு. வளரும் பிள்ளைகளுக்கும் பொறுத்திருப்பதே நல்லது. எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு முன் திருத்திய கோணல் மீண்டும் வருவது அதிகம்.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குப் புடைப்பு உரசிப் புண்ணானாலும் வலி தெரியாது. கட்டைவிரல் சாய்ந்து இரண்டாம் விரலின் மெட்டியில் அழுத்தி, அங்கே புண் வந்திருந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இவர்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பும் தினசரிப் பாதப் பரிசோதனையும் முதல் சிகிச்சை. அறுவை தேவைப்பட்டால் பாதத்தின் ரத்த ஓட்டம், உணர்ச்சி, சர்க்கரை அளவு மூன்றையும் பார்த்த பிறகே தேதி குறிக்க வேண்டும். புகைப்பவருக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். அறுவைக்குப் பல வாரங்கள் முன்பே புகைப்பதை நிறுத்தியாக வேண்டும்.

அறுவை முறைகள்

இந்தக் கோணலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாருக்கும் எல்லா நிலைக்கும் பொருந்தும் ஒரே முறை அமையவில்லை என்பதையே அந்த எண்ணிக்கை காட்டுகிறது. ஒவ்வொரு முறைக்கும் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

புடைப்பைச் செதுக்கி, தளர்ந்த நாரை இறுக்கித் தைப்பது பழைய வழி. சில்வர் 1923-லும் மெக்பிரைடு 1928-லும் விவரித்த முறைகள் இவ்வகை. நீளெலும்பின் நிலையை மாற்றாமல் இதை மட்டும் செய்தால் கோணல் திரும்பிவிடுவது அதிகம். அதனால் இன்று இது பெரும்பாலும் மற்ற முறைகளுக்குத் துணையாகவே பயன்படுகிறது.

எலும்பை வெட்டி இடம்மாற்றிப் பொருத்துவது அடுத்த வழி. ஜெனீவாவைச் சேர்ந்த ரெவெர்டின் 1881-லேயே எலும்பின் தலைப்பகுதியில் ஆப்பு வடிவத் துண்டை எடுத்துக் கோணலைத் திருத்தினார். இன்று லேசான, நடுத்தரக் கோணலுக்குப் பரவலாகச் செய்யப்படுவது, ஆஸ்டினும் லெவென்டனும் 1981-ல் விவரித்த செவ்ரான் முறை. எலும்பின் தலைக்கு அருகில் பக்கவாட்டில் வி வடிவமாக வெட்டி, தலையை வெளிப்பக்கமாக நகர்த்தி, திருகாணியால் பிடிக்கிறார்கள். கோணல் அதிகமாக இருந்தால் எலும்பின் நீளவாக்கில் இசட் வடிவமாக வெட்டி நகர்த்தும் ஸ்கார்ஃப் முறை உதவும். இரண்டு உத்தரத் துண்டுகளைத் தச்சர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி செதுக்கி இணைப்பது போன்ற வெட்டு அது. இவற்றோடு பலருக்கு, 1925-ல் ஏகின் விவரித்தபடி, கட்டைவிரல் எலும்பிலேயே ஒரு சிறு ஆப்பை எடுத்து விரலை நேராக்குவதும் உண்டு.

கோணலின் வேர் பாதத்தின் நடுப்பகுதியில், நீளெலும்பின் அடிமூட்டில் இருந்தால் அந்த மூட்டையே இணைத்துவிடுகிறார்கள். நியூயார்க்கின் பால் லாபிடஸ் 1934-ல் எழுதிய கட்டுரையால் இது அவர் பெயரில் வழங்குகிறது. கடுமையான கோணலுக்கும், அடிமூட்டு மிகத் தளர்ந்திருப்பவர்களுக்கும் ஏற்றது. திரும்பிக்கொண்ட எலும்பை அதன் அச்சிலேயே சுழற்றிச் சரிசெய்யவும் இதில் வாய்ப்பு அதிகம் என்பதால் அண்மைக் காலத்தில் இதற்கு மறுபடியும் மவுசு கூடியிருக்கிறது.

கட்டைவிரல் மூட்டே தேய்ந்து போயிருந்தால், அல்லது முடக்குவாதம் அதை அரித்திருந்தால், நேராக்கினாலும் வலி போகாது. அவர்களுக்கு அந்த மூட்டை இணைத்துவிடுவதே நம்பகமான வழி. விரல் அந்த மூட்டில் மடங்காது. ஆனால் வலியில்லாமல் ஊன்றி நடக்கலாம். 1904-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் கெல்லர் விவரித்த, விரல் எலும்பின் அடிப்பகுதியை எடுத்துவிடும் முறை, ஒருகாலத்தில் எங்கும் செய்யப்பட்டது. விரல் வலுவிழந்து மேல்நோக்கித் தூக்கிக்கொள்வதும் சுமை பக்கத்து விரல்களுக்குப் போவதும் தெரிந்தபின், அதிகம் நடமாடாத முதியவர்களுக்கு மட்டும் அபூர்வமாகச் செய்யப்படும் முறையாகிவிட்டது.

சில மில்லிமீட்டர் துளைகள் வழியே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி நுண்துரப்பணத்தால் எலும்பை வெட்டும் முறைதான் இன்று விளம்பரங்களில் அதிகம் பேசப்படுகிறது. தொடக்கத்தில் கம்பி குத்திப் பிடித்தார்கள். இப்போது திருகாணிகளால் உறுதியாகப் பிடிக்கிறார்கள். தழும்பு சிறியது, முதல் சில வாரங்களின் வலி குறையலாம். ஆனால் எலும்பை வெட்டுவது வெட்டுவதுதான். அது கூடுவதற்கு எடுக்கும் காலம் துளை சிறியது என்பதால் குறைந்துவிடாது. கைப்பழக்கம் வர நீண்ட பயிற்சி தேவைப்படும் முறையும் இது. நீண்டகாலப் பலனில் திறந்த அறுவையைவிட இது தெளிவாக மேல் என்று சொல்லச் சான்றுகள் இன்னும் போதவில்லை.

அறுவைக்குப் பின்

பெரும்பாலும் காலையோ இடுப்புக்குக் கீழேயோ மரத்துப்போகச் செய்து அறுவை நடக்கிறது. அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். உண்மையான சோதனை அதன் பிறகுதான். முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்திருப்பதே முக்கிய வேலை. தையல் பிரித்த பிறகும் ஏறத்தாழ ஆறு வாரம்வரை, குதிகாலில் எடை விழும்படி செய்யப்பட்ட தனிச் செருப்புடன்தான் நடக்க வேண்டும். நீளெலும்பின் அடிமூட்டை இணைத்துக்கொண்டவர்களுக்குச் சில வாரங்கள் காலை ஊன்றவே அனுமதி கிடைக்காமல் போகலாம். எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு அகலமான சாதாரண ஷூவுக்கு மாறலாம். வண்டி ஓட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். நின்று செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். வீக்கம் ஆறு மாதம்வரை இருக்கலாம். பலன் முழுமையாகத் தெரிய ஓராண்டு.

ஒரு வீட்டில் சமையல், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் ஒரு பெண்ணின் தலையில் இருக்கிறதென்றால், அந்த ஆறு வாரத்துக்கு யார் அவற்றைப் பார்ப்பார்கள் என்பது அறுவைக்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய விஷயம். ‘எழுந்து நடக்க முடிகிறதே’ என்று மூன்றாம் வாரமே அடுப்படிக்குப் போனால் வெட்டிய எலும்பு நகர்ந்துவிடக்கூடும். இந்தக் குறை பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஓய்வு அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது. குடும்பம் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளாத வரை எந்த நல்ல அறுவையும் முழுப்பலன் தராது.

பலனும் இடரும்

2004-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, கோணமும் வலியும் குறைந்த பிறகும் 25 முதல் 33 சதவீத நோயாளிகள் திருப்தியடையாமல் இருந்ததாகச் சுட்டியது. 2018-ல் 16,000-க்கும் மேற்பட்ட அறுவைகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பாய்வில், திருப்தியற்றவர்கள் 10.6 சதவீதம். முறைகள் மேம்பட்டிருப்பதும், ஆய்வுகள் அளந்த விதம் வேறுபடுவதும் இந்த இடைவெளிக்குக் காரணமாகலாம். எப்படிப் பார்த்தாலும் பெரும்பான்மையோர் நலம் பெறுகிறார்கள். ஆனால் பத்தில் ஒருவராவது எதிர்பார்த்தது கிடைக்காமல் திரும்புகிறார்.

வரக்கூடிய இடர்கள் இவை: தொற்று, விரலின் மேல்பக்க நரம்பு பாதிக்கப்பட்டு மரத்துப்போதல், மூட்டு விறைத்தல், எலும்பு கூடாமல் போதல் அல்லது தவறாகக் கூடுதல், எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது நலிதல், காலில் ரத்தம் உறைதல், சுமை இரண்டாம் விரலடிக்கு மாறி அங்கே புதுவலி தொடங்குதல், அளவுக்கு மீறித் திருத்தியதால் விரல் எதிர்ப்பக்கம் கோணுதல். கோணல் மீண்டும் வருவதும் உண்டு. எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும் சிறு சாய்வையும் கணக்கில் சேர்த்தால் அந்த விகிதம் கூடும். நோயாளிக்குத் தொல்லை தரும் அளவிலானது அதைவிடக் குறைவு. பழைய இடுங்கிய ஷூவுக்கே திரும்புகிறவர்கள் அதற்கு வழி திறந்துவிடுகிறார்கள்.

அறுவைக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். என் கோணம் எத்தனை பாகை? மூட்டு தேய்ந்திருக்கிறதா? எந்த முறை, அதை எனக்கு ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்த முறையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? எத்தனை வாரம் நான் வேலைக்குப் போக முடியாது? என் இரண்டாம் விரலையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டுமா? கோணல் திரும்பினால் அடுத்த வழி என்ன? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் காலைக் கொடுக்கலாம். நின்றபடி எக்ஸ்ரே எடுக்காமல், பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் அறுவைக்குத் தேதி குறிப்பவரிடம் அவசரப்பட வேண்டாம். இன்னொருவரின் கருத்தையும் கேளுங்கள்.

வலிக்காத கோணலை அறுக்க வேண்டியதில்லை. அகலமான காலணியும் அவ்வப்போது பரிசோதனையும் அதற்குப் போதும். வலிக்கிற கோணலை விதியென்று சுமக்கவும் வேண்டியதில்லை. உரிய ஆளுக்கு, உரிய முறையில், உரிய ஓய்வோடு செய்த அறுவை வலியைப் போக்கி நடையை மீட்டுத் தருகிறது. வீட்டில் அம்மாவோ பாட்டியோ செருப்பைக் கழற்றியதும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இந்த வாரமே அவர்களை ஓர் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், அடுத்த ஷூ வாங்குமுன் அதன் பாதத்தைத் தாளில் வரைந்து பாருங்கள்.